பூஞ்சைக்குச் சுவர்தான் பகை

சோற்றிலும் பருத்தி நூலிலும் காளானிலும் இருப்பது ஒரே சர்க்கரைதான்: குளுக்கோஸ். மூன்றுமே குளுக்கோஸ் கண்ணிகளைக் கோத்த நீண்ட சங்கிலிகள். கண்ணியும் கண்ணியும் சேரும் இடத்திலும் திசையிலும்தான் வேறுபாடு. சோற்றின் மாவுச்சத்தில் ஒரு குளுக்கோஸின் முதல் கார்பன், அடுத்த குளுக்கோஸின் நான்காம் கார்பனோடு 'ஆல்பா' என்று வேதியியலார் குறிக்கும் திசையில் இணைகிறது. அதே ஒன்று-நான்கு இணைப்பு 'பீட்டா' திசையில் அமைந்தால் செல்லுலோஸ். அதை நம் குடலால் செரிக்க முடியாது. நான்காம் கார்பனை விட்டுவிட்டு மூன்றாம் கார்பனோடு பீட்டா திசையில் இணைந்தால் வருவது பீட்டா-1,3-குளுக்கான். பூஞ்சையின் செல்சுவருக்கு உறுதி தருவது இந்தச் சங்கிலிதான்.

மனித உடல் பீட்டா-1,3-குளுக்கானைத் தயாரிப்பதே இல்லை. ஆகவே நம் திசுவுக்குள் அது தென்பட்டால், வெளியிலிருந்து ஏதோ நுழைந்திருக்கிறது என்று பொருள். இதைக் கண்டுகொள்ளவென்றே சில வெள்ளையணுக்களின் மேற்பரப்பில் ஒரு புரதம் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் பெயர் டெக்டின்-1. ஒரே சர்க்கரை எந்தக் கார்பனில் கோக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பார்த்துப் பகைவனை அடையாளம் காணும் புரதம் அது.

இப்படிச் சுற்றி வளைத்து அடையாளம் காண வேண்டியதற்கு ஒரு காரணம் உண்டு. பாக்டீரியா நமக்கு வெகுதூரத்து உறவு. அதன் உள்ளமைப்பே வேறு. பூஞ்சையோ உயிர்களின் வம்சாவளியில் செடிகொடிகளைவிட விலங்குகளுக்கு நெருக்கமானது. நம் செல்லைப் போலவே அதற்கும் உட்கரு உண்டு, மைட்டோகாண்ட்ரியா உண்டு. பூஞ்சைக் கொல்லி மருந்துகள் இவ்வளவு குறைவாக இருப்பதற்கும், இருப்பவற்றில் சில நோயாளியின் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் சேர்த்துப் பதம்பார்ப்பதற்கும் இந்த உறவே காரணம். பூஞ்சையிடம் இருந்து நம்மிடம் இல்லாதவை என்று பார்த்தால் முதலில் நிற்பது அந்தச் சுவர்தான். அதில் பீட்டா குளுக்கானோடு கைட்டின் இருக்கிறது; நண்டு, இறால் ஓடுகளில் இருக்கும் அதே பொருள். பல பூஞ்சைகளில் வெளிப்புறத்தில் மேனோஸ் என்ற சர்க்கரையாலான மன்னான் அடுக்கும் இருக்கிறது.

நோய்க்கிருமிகளில் பொதுவாகக் காணப்படும், நம்மிடம் இல்லாத வேதி அமைப்புகளை உணர உடலில் பிறவியிலேயே அமைந்த ஏற்பிகள் இருக்க வேண்டும் என்று அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சார்ல்ஸ் ஜேன்வே 1989-ல் எழுதினார். அப்போது அது வெறும் ஊகம். கையில் ஓர் ஏற்பியும் இல்லை. ஏழு ஆண்டு கழித்துச் சான்று கிடைத்தது. கிடைத்த இடம் மனிதன் அல்ல, பழ ஈ; பகைவன் பாக்டீரியா அல்ல, பூஞ்சை. பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஜூல்ஸ் ஹாஃப்மனின் ஆய்வகத்தில் புரூனோ லெமெய்த்ரும் மற்றவர்களும் 'டோல்' என்ற மரபணு பழுதுபட்ட ஈக்களுக்கு ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ் பூஞ்சையைத் தொற்றச் செய்தார்கள். இரண்டு மூன்று நாட்களில் ஈக்கள் செத்தன. செத்த ஈயின் உடலைப் பிளந்துகொண்டு பூஞ்சையிழைகள் காடாக முளைத்திருக்கும் மின்நுண்ணோக்கிப் படம் நோயெதிர்ப்பியல் பாடநூல்கள் பலவற்றில் இன்று இடம்பெறுகிறது. ஹாஃப்மனுக்கு 2011-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஈயின் டோல் போன்ற ஏற்பிகள் மனிதனிடம் பத்து இருக்கின்றன. ஆனால் மனிதனைப் பொறுத்தவரை பூஞ்சையை அடையாளம் காணும் முதன்மைப் பொறுப்பு அவற்றிடம் இல்லை என்பது பிறகுதான் தெளிவானது.

அந்தப் பொறுப்பு யாரிடம் என்ற கதை ஈஸ்ட் பொடியிலிருந்து தொடங்குகிறது. ரொட்டிக்குப் போடும் ஈஸ்டைப் பக்குவம் செய்து, உள்சரக்கை நீக்கி, செல்சுவரை மட்டும் பொடியாக எடுத்தால் அதற்கு ஜைமோசான் என்று பெயர். 1954-ல் கிளீவ்லாந்தில் லூயிஸ் பில்லெமர் புராப்பர்டின் என்ற இரத்தப் புரதத்தைக் கண்டறிய உதவியது இந்தப் பொடி. அதன்பின் உலகெங்கும் ஆய்வகங்களில், அழற்சியை உண்டாக்க வேண்டுமா, கொஞ்சம் ஜைமோசான் போடு என்பது வழக்கமாகிவிட்டது. மேக்ரோபேஜ் எனப்படும் விழுங்கணுக்கள் அதை ஆவலாக விழுங்கும். எந்தக் கையால் பிடிக்கின்றன என்பது மட்டும் பல பத்தாண்டுகள் தெரியவில்லை.

ஆக்ஸ்ஃபோர்டில் கார்டன் பிரவுனும் சையமன் கார்டனும் எளிய வழி ஒன்றைப் பிடித்தார்கள். எலியின் விழுங்கணுவில் வேலை செய்யும் மரபணுக்களை, ஜைமோசானைச் சட்டை செய்யாத வேறு வகைச் செல்களுக்குள் செலுத்தினார்கள். பிறகு ஜைமோசானைத் தூவி, எந்தச் செல்லில் அது ஒட்டுகிறது என்று தேடினார்கள். ஒட்டிய செல்லில் இருந்த மரபணு புதியதல்ல. டாலஸ் நகரின் ஆய்வாளர்கள் சற்று முன்பே கண்டுபிடித்து, டி செல்கள் எனும் வெள்ளையணுக்களோடு சேரும் புரதம் என்று எண்ணி டெக்டின்-1 எனப் பெயரிட்டிருந்ததுதான். அதன் உண்மையான வேலை பூஞ்சைச் சுவரின் பீட்டா குளுக்கானைப் பற்றுவது என்று 2001-ல் 'நேச்சர்' இதழில் பிரவுனும் கார்டனும் அறிவித்தார்கள்.

இங்கே ஒரு சிக்கல். செத்த ஈஸ்டின் பொடியில் பீட்டா குளுக்கான் அப்பட்டமாகத் தெரியும். உயிருள்ள பூஞ்சையோ அதை மறைத்து வைத்திருக்கிறது. நம் வாயிலும் குடலிலும் சாதுவாகக் குடியிருந்து, சமயம் வாய்த்தால் நோயாகும் கேண்டிடா அல்பிகன்ஸின் சுவரைச் செங்கல் சுவரோடு ஒப்பிடலாம்: உள்ளே கைட்டினும் குளுக்கானும் செங்கல், மேலே மன்னான் பூச்சு. பூச்சு நன்றாக இருக்கும்வரை டெக்டின்-1 தேடும் செங்கல் வெளியே தெரியாது. ஆனால் ஈஸ்ட் செல் மொட்டு விட்டுப் பெருகும். மொட்டு பிரியும்போது தாய்ச் செல்லில் ஒரு வடு விழும். அந்த வடுவில் பூச்சு உதிர்ந்து செங்கல் தெரிகிறது. ஆய்வாளர் டேவிட் அண்டர்ஹில்லின் குழு 2005-ல் காட்டியது இதைத்தான்: டெக்டின்-1 பிடிப்பது பெரும்பாலும் மொட்டு வடுக்களில். அதே கேண்டிடா இழையாக நீளும்போது மொட்டு பிரிவதில்லை, வடுவும் விழுவதில்லை, டெக்டின்-1 கண்ணில் படுவதும் அரிது. திசுவைத் துளைத்துக்கொண்டு போவது இந்த இழை வடிவம் என்பதை நினைத்தால் கேண்டிடாவின் சாமர்த்தியம் புரியும்.

ஆஸ்பெர்ஜில்லஸின் தந்திரம் வேறு. அதன் வித்துகள் காற்றில் எங்கும் மிதக்கின்றன. ஒவ்வொருவரும் அன்றாடம் நூற்றுக்கணக்கில் சுவாசிக்கிறோம், ஒன்றும் ஆவதில்லை. உடல் அவற்றைக் கண்டு ஆர்ப்பாட்டம் செய்யாதிருப்பதற்கு ஒரு காரணத்தை 2009-ல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தின் விஷுகுமார் ஐமாணியண்டா, ஜான்-பால் லட்ஜே ஆகியோரின் குழு கண்டறிந்தது. வித்தைச் சுற்றி ராட்-ஏ என்ற நீர்விலக்கிப் புரதம் மெல்லிய உறையாகப் போர்த்தியிருக்கிறது. நோயெதிர்ப்பு அதைப் பொருட்படுத்துவதில்லை. அந்த உறையை நீக்கினால் அதே வித்து வெள்ளையணுக்களை உசுப்பிவிடுகிறது. ஈரத்தில் வித்து ஊதி முளைவிடும்போது உறை தானாகவே கிழிகிறது. ஆக, தூங்கும் வித்தைப் பார்த்து உடல் சும்மா இருக்கிறது. முளைக்கும் வித்தைப் பார்த்து விழித்துக்கொள்கிறது. இது பூஞ்சையின் ஏமாற்று மட்டும் அல்ல, நமக்கும் ஆதாயம் என்பது என் எண்ணம். மூச்சில் வரும் ஒவ்வொரு வித்துக்கும் நுரையீரல் போர்க்கோலம் பூண்டால் யாரும் பிழைக்க முடியாது.

மருந்து ஒன்றும் இந்தக் கதையில் சேர்கிறது. காஸ்போஃபங்கின் பூஞ்சை பீட்டா குளுக்கான் தயாரிப்பதையே தடுக்கிறது. கொல்லப் போதாத சிறு அளவில் கொடுத்தாலும், கேண்டிடாவின் சுவர் குலைந்து மறைந்திருந்த குளுக்கான் வெளியே தெரிகிறது என்று ஆய்வகச் சோதனைகள் காட்டின. விழுங்கணுக்கள் அதன்பின் சும்மா இருப்பதில்லை.

இனி, பற்றிய பிறகு என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். பற்றுவதால் மட்டும் டெக்டின்-1 எச்சரிக்கை எழுப்பாது. சுவரிலிருந்து கரைந்துபோன குளுக்கான் துணுக்குகள் இரத்தத்தில் மிதக்கலாம். அவையும் டெக்டின்-1-ல் ஒட்டும். அப்போதெல்லாம் அபாயச் சங்கு ஊதினால் வீண். செல் இதை எப்படிப் பிரித்தறிகிறது என்பதற்கு 2011-ல் அண்டர்ஹில்லின் குழுவே விடை சொன்னது. டெக்டின்-1-ன் வால் செல்லுக்குள் நீண்டிருக்கிறது. அந்த வாலில் பாஸ்பேட் ஏறினால்தான் செய்தி உள்ளே போகும். பக்கத்திலேயே சிடி-45 போன்ற நொதிகள் நின்று, ஏறுகிற பாஸ்பேட்டை உடனுக்குடன் கழற்றிவிடுகின்றன. துணுக்கு ஒட்டினால் இந்த இழுபறியில் ஒன்றும் நடக்காது. முழுப் பூஞ்சை வந்து செல்லின் மேல் அழுந்தும்போது, ஏராளமான டெக்டின்-1 ஒரே இடத்தில் திரண்டு இறுகப் பற்றுகின்றன. இரண்டு பரப்புக்கும் நடுவே இடைவெளி குறைகிறது. சிடி-45-ன் வெளிப்பகுதி பருமனானது, அந்த இடுக்கில் அதற்கு இடமில்லை, ஓரத்துக்குத் தள்ளப்படுகிறது. கழற்ற ஆளில்லாததால் பாஸ்பேட் நிலைக்கிறது, செய்தி பாய்கிறது. எவ்வளவு எளிய ஏற்பாடு! துணுக்கைத் தொட்டதும் சுவரையே தொட்டதும் வேறு என்பதை, இடநெருக்கடியை வைத்தே செல் கண்டுகொள்கிறது.

நோயெதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்று பீட்டா குளுக்கான் பொடியும் மாத்திரையும் விற்பவர்கள் முந்தைய பத்தியைப் படிக்க வேண்டும். டெக்டின்-1-ல் ஒரு பொருள் ஒட்டுகிறது என்பதாலேயே அதைத் தின்றால் நோய் வராது என்று ஆகிவிடாது.

உள்ளே பாயும் செய்தி சிக் என்ற நொதியை எழுப்புகிறது. அது கார்டு-9 என்ற புரதத்துக்குக் கைமாற்றுகிறது. கார்டு-9 இன்னும் இரு புரதங்களோடு சேர்ந்து, என்.எஃப்.-கப்பா-பி என்ற மரபணு விசையைத் தட்டுகிறது. அழற்சியூட்டும் செய்திப் புரதங்கள் உற்பத்தியாகின்றன. அவற்றில் சில நியூட்ரோபில் எனும் வெள்ளையணுக்களை இரத்தத்திலிருந்து அழைக்கின்றன. வேறு சில, டி செல்களில் ஒரு பிரிவை இன்டர்லூக்கின்-17 சுரக்கும் வகையாக மாற்றுகின்றன. தோல், வாய், குடல் ஆகியவற்றின் ஓரங்களில் கேண்டிடாவை அடக்கி வைத்திருப்பது பெரும்பாலும் இந்த இன்டர்லூக்கின்-17 தான். சொரியாசிஸ் நோய்க்கு அதைத் தடுக்கும் ஊசிமருந்து போட்டுக்கொள்பவர்களில் சிலருக்கு வாயில் வெண்படலம் பூப்பது இதனால்தான்.

டெக்டின்-1 தனியாள் அல்ல. மன்னானைப் பற்ற டெக்டின்-2 இருக்கிறது. பொடுகோடு தொடர்புள்ள மலாசீசியா பூஞ்சையைப் பற்ற மின்க்கிள் இருக்கிறது. ஆஸ்பெர்ஜில்லஸ் வித்தின் நிறத்துக்குக் காரணமான மெலனினைப் பற்றவும் ஓர் ஏற்பி இருப்பதாக 2018-ல் தெரியவந்தது. பல வாசல், ஆனால் உள்ளே வந்தபின் பெரும்பாலான வழிகள் கார்டு-9 என்ற ஒரே முற்றத்தில் கூடுகின்றன. இதை 2009 அக்டோபரில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளிவந்த இரு குடும்பங்களின் கதை துலக்கமாகக் காட்டியது. நெதர்லாந்துக் குடும்பம் ஒன்றில் டெக்டின்-1 மரபணு பழுது. அந்தக் குடும்பத்துப் பெண்களுக்குப் பிறப்புறுப்பில் திரும்பத் திரும்பக் கேண்டிடா தொற்று, நகத்தில் பூஞ்சை. தொல்லைதான், ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை. ஈரானியக் குடும்பம் ஒன்றில் கார்டு-9 மரபணு பழுது. அங்கே தொற்று கடுமையாக இருந்தது. இளம் வயதில் இறந்தவர்களும் இருந்தார்கள். பிறகு அல்ஜீரியா, துனிசியா, மொராக்கோ குடும்பங்களில், சாதாரணப் படர்தாமரைப் பூஞ்சை தோலோடு நிற்காமல் உள்ளே ஊடுருவியதற்கும் கார்டு-9 பழுதுதான் காரணம் என்று கண்டார்கள். ஒரு வாசல் மூடினால் சமாளிக்கலாம்; முற்றமே இடிந்தால் முடியாது.

இதுவரை சொன்னவற்றில் ஏற்பி நல்லவன், பூஞ்சை கெட்டவன் என்ற தோற்றம் வந்திருக்கும். கருவிழிக்கு வந்தால் அந்தத் தோற்றம் கலைந்துவிடும். இதற்கு வெளிநாடு போக வேண்டியதில்லை, மதுரையே போதும்.

கருவிழிப் புண் மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஏறத்தாழ 113 பேருக்கு வருகிறது என்று 1990-களில் கணக்கிட்டார்கள். அமெரிக்காவில் அதுபோல் கணக்கெடுத்த ஓரிடத்தைவிட இது பத்து மடங்கு. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அந்தக் காலத்தில் வந்த கருவிழிப் புண்களில் கிருமி இன்னதென்று தெரிந்தவற்றில் ஏறத்தாழ பாதி பூஞ்சையால் ஆனவை. ஃபியூசேரியம் முதலிடம், ஆஸ்பெர்ஜில்லஸ் அடுத்து. வந்தவர்களில் பெரும்பாலோருக்குக் கண்ணில் முதலில் ஏதோ காயம் பட்டிருந்தது. நெல் அறுக்கும்போது தாள் கீறும்; தூற்றும்போது உமி தெறிக்கும்; மாடு வாலைச் சுழற்றும்போது கண்ணில் அடிக்கும். கீறலில் வித்து இறங்கும். கருவிழியில் இரத்தக் குழாய் கிடையாது. ஆகவே காவலர்கள் தொலைவில் இருக்கிறார்கள். வித்து ஈரத்தில் முளைக்கிறது, உறை கிழிகிறது, குளுக்கான் தெரிகிறது.

அடுத்து நடப்பதைக் கிளீவ்லாந்தில் எரிக் பெர்ல்மனின் ஆய்வகமும் மதுரையில் அரவிந்த் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து படிப்படியாகத் துலக்கின. எலியின் கருவிழியில் ஆஸ்பெர்ஜில்லஸ் வித்தைச் செலுத்திப் பார்த்தபோது, அங்கே ஏற்கெனவே இருக்கும் சில விழுங்கணுக்கள் டெக்டின்-1 மூலம் அதை உணர்ந்து, நியூட்ரோபில்களை அழைக்கும் செய்தியை அனுப்பின. வந்து சேர்ந்த நியூட்ரோபில்கள் கொன்றன. டெக்டின்-1 இல்லாத எலிகளில் நியூட்ரோபில் வரத்து குறைந்தது, பூஞ்சை பெருகியது. மதுரையில் நோயாளிகளின் புண்ணிலிருந்து எடுத்த திசுவிலும் இதே படம் தெரிந்தது: பெரும்பாலும் நியூட்ரோபில்களே குவிந்திருந்தன, டெக்டின்-1, டோல் ஏற்பிகள், இன்டர்லூக்கின்-17 ஆகியவற்றின் மரபணுக்கள் மும்முரமாக வேலை செய்துகொண்டிருந்தன. இன்னொன்று எனக்கு மிகவும் வியப்பளித்தது. மதுரைப் பகுதியில் கண்நோய் இல்லாதவர்களின் இரத்தத்திலேயே, இன்டர்லூக்கின்-17 வைத்திருக்கும் நியூட்ரோபில்கள் அமெரிக்கர்களின் இரத்தத்தைவிடக் கூடுதலாக இருந்தன. அறுவடைக் காலக் காற்றில் மிதக்கும் வித்துகளுக்கு உடல் எப்போதும் அரைத் தயார் நிலையில் இருக்கிறது போலும்.

நியூட்ரோபில் பூஞ்சையைக் கொல்லும் முறையில்தான் வினை இருக்கிறது. சிறிய வித்தை அது விழுங்கிவிடும். நீண்ட இழையை விழுங்க முடியாது. ஒரு பொருள் விழுங்கத்தக்கதா என்று அளந்து பார்ப்பதிலும் டெக்டின்-1-க்குப் பங்கு உண்டு என்று 2014-ல் லண்டன் ஆய்வாளர்கள் கண்டார்கள். சிறிய ஈஸ்டை அது உள்ளே இழுத்துக்கொள்ளச் செய்கிறது. பெரிய இழையாக இருந்தால், நியூட்ரோபில் தன் டி.என்.ஏ.வையே வலையாக வெளியே வீசி, அதில் நஞ்சுப் புரதங்களைப் பூசிப் பூஞ்சையைச் சூழ்கிறது. கூடவே ஆக்சிஜனின் வீரியமான வடிவங்களையும், புரதத்தை அறுக்கும் நொதிகளையும் கொட்டுகிறது. இழை சாகிறது. ஆனால் கொட்டியவை இழையோடு நிற்பதில்லை.

கருவிழியின் தடிமன் நடுவில் அரை மில்லிமீட்டர் அளவுதான். அதற்குள் கொல்லாஜன் இழைகள் சீரான இடைவெளியில் அடுக்கியிருப்பதால்தான் ஒளி தங்குதடையின்றிப் போகிறது. நொதிகள் அந்த அடுக்கைக் கரைக்கின்றன. பூஞ்சை ஒழிந்து புண் ஆறினாலும், அடுக்கு பழையபடி வருவதில்லை. வெள்ளைத் தழும்பாக நிற்கிறது. ஊரில் கண்ணில் பூ விழுந்துவிட்டது என்பார்கள். அந்தப் பூ பாதி பூஞ்சையின் வேலை, பாதி நம் வெள்ளையணுவின் வேலை. நுரையீரலிலோ தோலிலோ இத்தகைய தழும்பு பெரிதாகத் தெரியாது. ஒளி ஊடுருவ வேண்டிய இடத்தில் அது பார்வையையே பறிக்கிறது.

அப்படியானால் வெள்ளையணுவின் ஆவேசத்தை அடக்கிவிடலாமே என்று தோன்றும். ஆவேசத்தை அடக்கும் மருந்துதான் ஸ்டீராய்டு. டெக்ஸாமெதசோன், பீட்டாமெதசோன், பிரெட்னிசலோன் என்ற பெயர்களில் கண் சொட்டுமருந்தாகக் கிடைக்கிறது. நியாயம் கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது, நடைமுறையில் பேராபத்து. பூஞ்சைப் புண்ணில் ஸ்டீராய்டை விட்டால், ஓரிரு நாளில் சிவப்பும் வலியும் குறைந்து குணமானது போலிருக்கும். உண்மையில் குறைந்தது காவல்தான். தடையில்லாமல் இழை கருவிழியின் ஆழத்துக்குப் போய், அடிப்படலத்தைத் துளைத்துக் கண்ணுக்குள்ளேயே இறங்கிவிடலாம். முதலில் பூஞ்சையைக் கொல்ல வேண்டும். அழற்சியைப் பற்றிய பேச்சு அதற்குப் பின்புதான். அதற்குக் கைகொடுக்கும் மருந்து பழையதும் எளியதுமான நாட்டமைசின் சொட்டுமருந்து. தென்னிந்தியாவில் 323 நோயாளிகளிடம் நடத்தி 2013-ல் வெளியிட்ட ஒப்பீட்டில், விலை கூடிய வோரிகோனசோல் சொட்டுமருந்தைவிட, குறிப்பாக ஃபியூசேரியம் புண்ணில், நாட்டமைசினே சிறந்தது என்று தெரிந்தது. அந்த ஒப்பீட்டிலும் அரவிந்த் மருத்துவமனைகளுக்குப் பெரும்பங்கு உண்டு.

ஆகவே கண்ணில் தாளோ உமியோ தழையோ பட்டு, மறுநாளும் உறுத்தலும் சிவப்பும் இருந்தால், பச்சிலைச் சாறோ தாய்ப்பாலோ விட்டுக் காத்திருக்காதீர்கள். மருந்துக்கடையில் கண் சிவந்திருக்கிறது என்று சொல்லிச் சொட்டுமருந்து வாங்கிப் போடாதீர்கள். வீட்டில் யாருக்கோ முன்பு எழுதிக் கொடுத்து மிச்சமிருக்கும் புட்டியையும் எடுக்காதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருக்கலாம். கண் மருத்துவரிடம் போங்கள். புண்ணைச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் பூஞ்சையா என்று பெரும்பாலும் அன்றைக்கே சொல்லிவிடுவார்கள்.